நாற்பத்தொன்றாம் கம்பம்

எங்கள் ஊரை ஒரு வெளிநாட்டு நிபுணர் பதினோரு நாளில் வரைந்து கொடுத்தார். அதில் இரண்டு நாள் அவருக்கு வயிறு சரியில்லை. ஆக, இது ஒன்பது நாள் ஊர். ஊரின் வரலாற்றைச் சொல்லச் சொன்னால் எல்லாரும் அவரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் வேலிக்காரரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பழக்க தோஷம், நானும் நிபுணரிலேயே ஆரம்பித்துவிட்டேன். போகட்டும், அவரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

அவருடைய சொந்த ஊர் குளிர்ப் பிரதேசம். அங்கே வெயில் எப்போதாவது தலைகாட்டினால் ஜனங்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பார்களாம். அதனால் நடைபாதையோரம் மரம் வைக்கக் கூடாது, நடப்பவர்கள்மீது வெயில் தாராளமாக விழ வேண்டும் என்று திட்டத்தில் எழுதினார். எங்கள்மீது தாராளமாகவே விழுந்தது. ஒவ்வொரு வீட்டிலும் குளிர்காய ஒரு கணப்படுப்பும் அதற்கு ஒரு புகைபோக்கியும் வைத்தார். எங்கள் ஊரில் குளிர்காய்ந்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. என் வீட்டுக் கணப்படுப்பில் செருப்பு இருந்தது. பக்கத்து வீட்டில் தையல் மிஷின். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். கரி வராது, புறா வரும். 'சுத்தம் செய்யப்பட்டது' என்று அறிக்கை அடிப்பது நான்.

நகரப் பராமரிப்பு அலுவலகத்தில் இருபத்து நாலு வருஷம் தட்டச்சு செய்தவள் நான். மற்றவர்கள் இந்த ஊரில் குடியிருந்தார்கள். நான் குடியிருந்ததோடு மூன்று பிரதி எடுத்தும் வைத்தேன்.

நிபுணர் வரைந்ததை அலுவலகத்தில் மூலத் திட்டம் என்று சொல்வார்கள். பெரிய இன்ஜினியர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம். நிபுணர் கிளம்பும்போது தன் ஊரின் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, 'இந்த மாதிரி இருக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போனாராம். திட்டத்தில் எதைப் பற்றிச் சொல்லவில்லையோ அதற்கெல்லாம் படத்தைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. விளக்குக் கம்பத்தின் வளைவு, பெஞ்சின் கைப்பிடி, எல்லாம் படத்திலிருந்து எடுத்தவை. படம் கறுப்பு வெள்ளை. அதனால்தான் எங்கள் ஊரில் பெஞ்சுகள் எல்லாம் சாம்பல் நிறம்.

படத்தில் ஒரு புல்வெளி இருந்தது. புல்வெளியின் இந்தப் பக்கம் ஒரு வேலி இருந்தது. அந்தப் பக்கம் பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. ஆகவே எங்கள் புல்வெளிக்கும் இந்தப் பக்கம் வேலி போட்டார்கள், அந்தப் பக்கம் போடவில்லை.

புல்வெளி அகலத்தில் கொஞ்சம், நீளத்தில் இரண்டு கிலோமீட்டர். இந்தப் பக்கம் குடியிருப்புகள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிக்கூடம், எங்கள் அலுவலகம். அதன் அரசாங்கப் பெயர் நகரத்தின் நுரையீரல். ஜனங்கள் வைத்த பெயர், சும்மா கிடக்கிற இடம். 'பார்த்து மகிழ மட்டும்' என்று பலகை வைத்திருந்தார்கள். நேரே குறுக்கே நடந்தால் ஆறு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. வேலி முடியும்வரை போய் வளைவுச் சாலையில் சுற்றிக்கொண்டு வந்தால் முப்பத்தைந்து நிமிஷம். நிபுணர் ஊரில் எல்லாரிடமும் கார் இருந்தது. அவர் வளைவுச் சாலையைக் காருக்காக வளைத்திருந்தார். எங்களிடம் கால்தான் இருந்தது. பஸ் காலை எட்டு மணிக்குத்தான் கண் விழிக்கும்.

எனவே ஜனங்கள் வேலியை அறுத்தார்கள். அறுத்ததைக் கட்டுவதற்கு ஒருவரை நியமித்தார்கள். அவர்தான் வேலிக்காரர்.

முப்பத்தோரு வருஷம் அவர் அந்த வேலையைப் பார்த்தார். ஒல்லியான மனிதர். இடுப்பில் ஒரு குறடு, தோளில் கம்பிச் சுருள், சட்டைப்பையில் ஒரு நோட்டு. விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி மேற்கு முனையில் முதல் கம்பத்திலிருந்து ஆரம்பிப்பார். எண்பதாவது கம்பம் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, அறுந்திருந்தால் கட்டி, நோட்டில் எழுதிக்கொள்வார். திங்கட்கிழமை அந்த நோட்டு என் மேஜைக்கு வரும். 'கம்பம் எண் 17, அடையாளம் தெரியாத நபர்களால் அறுக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது.' இந்த வாக்கியத்தை நான் எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேன் என்று தெரியாது. விரலுக்குத் தெரியும்.

எங்கே அறுத்தாலும் அவர் போடும் கட்டு இரும்பாக இருக்கும். மறுபடி அறுக்க வேண்டுமென்றால் கை கிழியும். ஆனால் நாற்பத்தொன்றாம் கம்பத்தில் மட்டும் மனிதருக்கு என்னவோ கை ஓடாது. அங்கே அவர் போடும் முடிச்சு இரண்டு விரலை உள்ளே விட்டுத் திருகினால் அவிழ்ந்துவிடும். நுழைந்த பிறகு திரும்பி மாட்டிவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஊர் மெல்ல மெல்ல மற்ற இடங்களை அறுப்பதை விட்டுவிட்டு நாற்பத்தொன்றுக்கே வந்து சேர்ந்தது. புல்லில் ஆஸ்பத்திரியை நோக்கி நேராக ஒரு தடம் விழுந்தது. எட்டேகால் மணிக்கு அங்கே வரிசை நிற்கும். பள்ளிக்கூடத்து டீச்சர், சந்தையில் துணி விற்கிறவர், ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக்கொண்டு நிற்பவர்கள், அவர்களுக்குப் பின்னால் நான். உள்ளே நுழையும்போது எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போவதில்லை.

"முப்பது வருஷமா வேலி கட்டறாரு, ஒழுங்கா ஒரு முடிச்சு போடத் தெரியலியே மனுஷனுக்கு."

நானும் சிரித்திருக்கிறேன். பிறகு அலுவலகத்துக்குப் போய் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று என்னைப் பற்றி நானே அடித்திருக்கிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது, வருகிறேன்.

ஊரில் அந்த வழியாகப் போகாத ஆள் ஒரே ஒருவர். வேலிக்காரரின் மனைவி.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவர்கள் வீடு. ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. ஆறரைக்கு ஷிப்ட். படுக்கை விரிப்பு, நோயாளிகளின் அங்கி, டாக்டர்களின் கோட்டு, எல்லாம் அவர் கையில் அலசிப் பிழிந்து வெளியே வரும். புருஷன் கிளம்பிப் போன பதினைந்தாவது நிமிஷம் கதவைப் பூட்டிக்கொண்டு கிழக்கு முனைப் பக்கம் நடக்க ஆரம்பிப்பார். வேலி முடிந்து, வளைவுச் சாலையில் சுற்றிக்கொண்டு, நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லாத அந்த நடைபாதையில் ஆஸ்பத்திரி வரை. திரும்பி வரும்போதும் அப்படியே, மத்தியான வெயிலில்.

நான் இந்தக் குடியிருப்புக்கு வந்த புதிதில் ஒரு விடுமுறை நாளன்று ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்க அதிகாலையிலேயே கிளம்பினேன். அக்காவும் அதே நேரத்துக்கு வாசலில் இறங்கினார்.

"வாங்கக்கா, நாப்பத்தொண்ணு வழியா ஒண்ணாப் போயிடலாம்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ போம்மா. நான் சுத்திதான் போவேன்."

"எதுக்குக்கா வீணா? ஊரே அப்படித்தானே போகுது."

"ஊரு போகும். அவரு கட்டற வேலியை நானே அவுத்துட்டுப் போனா அவருக்கு என்ன மரியாதை? நானே குடுக்கலேன்னா வேற யாரு குடுப்பா?"

"அவரு போடற முடிச்சு தானாவே அவுருதுக்கா" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு முடிச்சு சரியாத்தான் இருக்கும். நீங்கள்லாம் பிச்சு எடுத்துட்டு அவரைச் சொல்லாதீங்க." அதன் பிறகு ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. அந்த முடிச்சுக்காக அவர் பால் வாங்கும் வரிசையிலும் குழாயடியிலும் எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். வேலிக்காரருக்கு மட்டும் தெரியாது. அவரிடம் போய் யார் சொல்வது?

இருபத்தாறு வருஷம் அக்கா சுற்றினார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க உட்கார்ந்து பாதியில் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

முட்டி போய்விட்டது. முதலில் இடது, பிறகு வலது. முப்பத்தைந்து நிமிஷம் ஐம்பதாகி, அப்புறம் ஒரு மணி நேரத்தைத் தொட்டது. வேலைக்கு நேரம் தவறியதற்காக ஆஸ்பத்திரியில் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மூன்றாவது வந்தால் உடல் தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் வேலையோடு போகாது. வேலிக்காரருக்கு அந்த வருஷம் ஓய்வு. அவர் ஓய்வு பெற்றால் குடியிருப்பு வீடு அக்காவின் வேலையை வைத்துத்தான் நிற்கும். அக்காவுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. அந்த மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டால் வீடு அவர்களுக்கே. இல்லையென்றால் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அக்காவின் இரண்டு முட்டியில் ஒரு வீடு நின்றுகொண்டிருந்தது.

இந்த நேரம் பார்த்து ஊருக்கு ஐம்பது வயது ஆயிற்று.

பொன்விழாவுக்கு நிபுணரின் ஊர் நகராட்சியிலிருந்து ஒரு அம்மையார் வருவதாகக் கடிதம் வந்தது. பெரிய இன்ஜினியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விளக்குக் கம்பத்துக்கெல்லாம் பெயிண்ட் அடித்தார். புகைபோக்கிகளை இரண்டாம் தடவை சுத்தம் செய்யச் சொன்னார். புறாக்கள் இரண்டாம் தடவை பறந்தன. புல்வெளிக்குக் கம்பி வேலி கண்ணியமாக இல்லை, அதைப் பிடுங்கிவிட்டு ஆள் உயரத்துக்கு இரும்புக் கிராதி போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதை அடித்ததும் நான்தான். அடித்து முடித்தபோது என் பங்குக்கு நானும் ஒரு பெருமூச்சு விட்டேன். இனி எனக்கும் முப்பத்தைந்து நிமிஷம்.

மறுநாள் வேலிக்காரர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அன்று திங்கட்கிழமை இல்லை.

"தங்கச்சி, ஒரு விண்ணப்பம் அடிச்சுத் தரணும்."

முப்பத்தோரு வருஷத்தில் அவர் தனக்கென்று ஒரு வரி கேட்டதில்லை. காகிதத்தைச் செருகினேன். "சொல்லுங்கண்ணே."

"கிராதி போடட்டும். வேண்டாங்கல. நாப்பத்தொண்ணாம் கம்பத்துகிட்ட மட்டும் ஒரு சின்னக் கதவு விடணும். ஒரு ஆள் நுழையற அளவுக்கு."

"காரணம்னு என்ன போட?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. என் வீட்டுக்காரி அந்த வழியாத்தான் இருபத்தாறு வருஷமா வேலைக்குப் போறா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா கூசிப் போயிடுவான்னு அந்த நேரத்துல நான் அந்தப் பக்கமே தலைகாட்டறதில்ல. மேற்கு முனையிலதான் நிப்பேன். இப்ப முட்டி வேற போச்சு, தண்ணியில நின்னு நின்னு. கிராதி வந்துட்டா சுத்திப் போக முடியாது அவளால."

என் விரல் தட்டச்சு விசையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. "அப்ப அந்த முடிச்சு..." என்றேன்.

"அது அவளுக்குப் போட்டது. மத்தவங்க போனா போயிட்டுப் போறாங்க." வெட்கத்தோடு சிரித்தார். "ஊரு என்னைக் கிண்டல் பண்றது எனக்கும் காதுல விழுந்துதான் இருக்கு."

நான் சொன்ன வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான். எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். 'அண்ணே, அக்கா ஒரு நாள்கூட அந்த வழியாப் போனதில்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

நாலாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. மேலே பெரிய இன்ஜினியர் கையெழுத்தில், 'மூலத் திட்டத்தில் இல்லை.' கிராதி போட்டார்கள். புல்லில் விழுந்திருந்த தடத்தின்மேல் புதுப் புல் பதித்தார்கள். மூன்று நாளில் அது காய்ந்து முன்பைவிட நன்றாகத் தடம் தெரிந்தது. அதன்மேல் பச்சைச் சாயம் தெளித்தார்கள்.

அம்மையார் வந்தார். நல்ல உயரம், தலைக்கு ஒரு தொப்பி, கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். என்ன பேசுகிறார்களோ அதைக் குறித்துக்கொள்ள நான் பின்னாலேயே போனேன். வேலிக்காரர் சலவைச் சட்டையோடு கிராதியோரம் நின்றார். அம்மையார் புல்வெளியை வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"இங்கே என்ன மேய விடறீங்கன்னு கேக்கறாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"மேயறதா? ஒண்ணும் மேயறதில்லையே" என்றார் பெரிய இன்ஜினியர்.

"அப்புறம் எதுக்கு வேலின்னு கேக்கறாங்க."

பெரிய இன்ஜினியர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி கையோடு கொண்டுவந்த புகைப்படத்தை நீட்டினார். அம்மையார் வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு கொஞ்ச நேரம் பேசினார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது ஆட்டுக்காகப் போட்ட வேலியாம். மலையிலேர்ந்து ஆட்டு மந்தை இறங்கி வரும், வீட்டுத் தோட்டத்துல புகுந்துடும்னு அந்தக் காலத்துல போட்டிருந்தாங்களாம். ஆடும் போயி வேலியும் போயி நாப்பது வருஷம் ஆச்சாம். இப்ப அங்க ஜனங்க குறுக்கதான் நடக்கறாங்களாம்."

எங்கள் ஊரில் ஆடே கிடையாது. நான் வேலிக்காரரைப் பார்த்தேன். அவர் கிராதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் அவர் காத்தது வராத ஆட்டிடமிருந்து.

பெரிய இன்ஜினியர் லேசுப்பட்டவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க எண்ணமும் அதுதான். படிப்படியா வழி விடப் போறோம். முதல் கட்டமா இங்க ஒரு கதவு" என்று கையை நீட்டினார். கை நீண்ட இடம், ஊர் தேய்த்து வைத்த தடம் வந்து முட்டும் இடம். நாற்பத்தொன்று.

அம்மையாருக்கு மகிழ்ச்சி. அந்த ஊரில் இப்படிப்பட்ட பூங்கா எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று இன்ஜினியர் பணிவோடு கேட்டார். குளிர்காலத்தில் பத்திலிருந்து ஐந்து வரை என்றார் அம்மையார். கோடையில் என்ன என்று இவர் கேட்கவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

இரண்டே நாளில் கதவு போட்டு, ரிப்பன் கட்டி, வெட்டி, கைதட்டி முடித்தார்கள். வேலிக்காரருக்குச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அன்று சாயங்காலத்தோடு அவருக்கு ஓய்வு. சாவி ஒரு மத்தியானம் அவரிடம் இருந்தது. கூட்டம் கலைந்ததும் மனிதர் வீட்டுக்கு ஓடாத குறையாகப் போனார். அக்காவுக்கு அன்று வார விடுமுறை. கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்தார். நான் அப்போதுதான் கதவுக்கு இந்தப் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

"வா, வா. இனிமே ஒளிஞ்சு ஒளிஞ்சு போக வேண்டியதில்ல" என்றார்.

"யாரு ஒளிஞ்சா?" என்றார் அக்கா.

அவர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி முன்னால் நடந்தார். அக்கா தாங்கித் தாங்கிப் பின்னால் போனார். எனக்கு அலுவலகம் அந்தப் பக்கம்தான், நானும் போனேன். புல்லின் பச்சைச் சாயம் மூன்று பேர் காலிலும் ஒட்டிக்கொண்டது. அக்காவின் முட்டியோடு ஒன்பது நிமிஷம் ஆயிற்று. துணி வெளுக்கும் பிரிவின் பின்வாசல் எதிரே வந்து நின்றது. அக்கா கதவையும் பார்த்தார், திரும்பித் தன் வீட்டுக் கூரையையும் பார்த்தார். இரண்டும் தெரிந்தன.

"இவ்வளவுதானா?" என்றார்.

"ஆறு நிமிஷம். நீ வேலைக்குச் சேந்த வாரமே கடிகாரம் வெச்சு நடந்து பாத்துட்டேன். நம்ம வாசல்லேர்ந்து உன் கதவுக்கு நேர்கோடு. அதான் நாப்பத்தொண்ணு."

அக்கா கண்ணாலேயே அந்தக் கோட்டைத் திரும்ப அளந்தார்.

"முடிச்சைக்கூட உன் விரலுக்கு ஏத்த மாதிரிதான் போட்டேன்" என்றார் அவர், பெருமை தாங்காமல்.

"ஊரெல்லாம் உங்களை எப்படிச் சிரிச்சாங்க தெரியுமா? ஒழுங்கா முடிச்சு போடத் தெரியாதவருன்னு. எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன் நான்." அக்கா அவர் பக்கம் திரும்பினார். "உங்க வேலியை நானே தாண்டுவேன்னு நெனச்சீங்களா?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் இருந்த சாம்பல் நிற பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இத்தனை வருஷம்?"

"சுத்திதான் போனேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

இரண்டு பேரையும் பிடித்து உலுக்கலாம் போல் எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகுதான், அந்த ஒரு வார்த்தை என் வாயிலும் இத்தனை நாள் சும்மா கிடந்தது நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மேஜையில் அறிவிப்புப் பலகைக்கான வாசகம் காத்திருந்தது. 'கதவு திறந்திருக்கும் நேரம்: காலை 10 முதல் மாலை 5 வரை.' அடித்தேன். அடிக்கும்போதுதான் அக்காவின் ஷிப்ட் ஆறரை மணி என்பது உறைத்தது. அடித்ததை எடுத்துக்கொண்டு இன்ஜினியர் அறைக்குப் போனேன், என் வேலைக் காலத்தில் முதல் தடவையாக, அவர் கூப்பிடாமலே.

"சார், ஆஸ்பத்திரி ஷிப்ட் ஆறரைக்கே ஆரம்பிக்குது."

"அம்மையாரே சொன்ன நேரம்மா அது. நீயே குறிச்சுக்கிட்டியே" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் நடந்ததை அக்கா பிறகு சொன்னார். கதவு பூட்டியிருந்தது. சாவி முந்தின சாயங்காலமே அலுவலகத்துக்குப் போய்விட்டது. வேலிக்காரர் போகவேண்டிய வேலை எதுவும் இல்லாததால் அக்காவோடு கூடவே வந்தார். இரண்டு பேரும் ஐந்தரைக்கே கிளம்பிச் சுற்றி நடந்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் அந்த வழியில் அவர் கூட வந்தது அதுதான் முதல் தடவை. முதல் கால் மணி நேரம் ஏதோ பேசிக்கொண்டு வந்தாராம். வேலி முடிந்து வளைவுச் சாலை ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. நடுவில் அக்கா இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். எந்தெந்த இடத்தில் உட்கார்வது என்று அக்காவுக்கு முன்பே பழக்கம். அவருக்கு அதுவும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் கடிகாரத்தைப் பார்த்தார். ஷிப்டுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

"இவ்வளவு தூரமா?" என்றாராம்.

அடுத்த திங்கட்கிழமை புது வேலிக்காரர் நோட்டோடு என் மேஜைக்கு வந்தார். புது என்றால் ஆள் பழையவர்தான். அதுவரை புகைபோக்கி சுத்தம் செய்துகொண்டிருந்தவர். இனி அவருக்குக் கிராதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

"நாப்பத்தொண்ணுல கதவுக்குப் பக்கத்துக் கம்பி ஆடுதுங்க" என்றார். "கீழ்ப்பக்கம் நட்டு கழண்டிருக்கு. ரெண்டு விரலால தள்ளினா கம்பி ஒதுங்கிடுது. ஒரு ஆள் தாராளமா நுழையலாம். தெரிஞ்சவங்க செஞ்ச வேலை மாதிரி இருக்கு, ஒரு கீறல்கூட இல்ல."

நான் காகிதத்தைச் செருகினேன். 'கம்பம் எண் 41, அடையாளம் தெரியாத நபர்களால்' என்று விரல் தானாகப் போயிற்று. முப்பத்தோரு வருஷம் ஓட்டையை அடைத்தவர் ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் போட்ட முதல் ஓட்டை. அந்த நேரத்தில் அக்கா ஆஸ்பத்திரியில் விரிப்புகளை அலசிக்கொண்டிருப்பார், நேரத்துக்கு வந்தவராக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரியை முடித்துத் தாளை உருவினேன்.

"ஸ்டோர்ல ஸ்பேனர் வாங்கி இறுக்கமா முறுக்கிடவாங்க?" என்று கேட்டார் அவர்.

ஒரு வார்த்தைதான். இந்தத் தடவை அதை நான் விழுங்கவில்லை.

"ஸ்பேனர் வேண்டாம்" என்றேன். "வாரத்துக்கு ஒரு தடவை கையால முறுக்கினா போதும்."